இருபது பேரை வைத்துத் தொடங்குங்கள்

கேள்வி: எங்கள் நகரத்தில் நல்ல ராக் குழுக்கள் இருந்தும் கச்சேரிக்கு வருவது தெரிந்த முகங்கள் இருபதுதான். கூட்டத்தை எப்படிச் சேர்ப்பது?

பதில்: முதலில் பெரிய அரங்கத்தை விடுங்கள். முந்நூறு நாற்காலிக்கு நடுவே முப்பது பேர் உட்கார்ந்தால் வந்தவருக்கே ஒரு மாதிரி இருக்கும், அதே முப்பது பேர் தோளோடு தோள் இடிக்கிற சின்ன அறையில் நின்றால் டிரம்ஸ் அடி நெஞ்சுக்குள் விழும், அடுத்த முறை நண்பனையும் இழுத்து வருவார்கள். நியூயார்க்கில் 1973இல் திறந்த சிபிஜிபி குறுகலான ஒரு மதுக்கூடம்தான். சொந்தப் பாட்டைத்தான் வாசிக்க வேண்டும் என்று அதன் உரிமையாளர் ஹில்லி கிரிஸ்டல் கேட்டார், பின்னால் பேர்பெற்ற ரமோன்ஸ் என்ற பங்க் ராக் குழு அங்கிருந்துதான் கிளம்பியது.

சரி, இடம் கிடைத்துவிட்டது. மாதத்தில் ஒரே கிழமை, ஒரே நேரம். ஒரு இரவுக்கு இரண்டு மூன்று குழுக்கள், ஆனால் தன் முறை முடிந்ததும் கிதாரைப் பையில் போட்டுக்கொண்டு நழுவுவது கூடவே கூடாது, கடைசிக் குழு முடிக்கும்வரை எல்லாரும் நின்று கேளுங்கள், ஏனென்றால் ஒருவர் ரசிகர் இன்னொருவர் ரசிகராவது அந்த அரை மணி நேரத்தில்தான்.

அப்புறம், வியர்வை காயும் முன்பே வாசலுக்கு வந்து புதுமுகத்திடம் பேசுங்கள். நண்பர்களும் டிக்கெட் வாங்கட்டும்.