கிரேன் தூக்கிய கல்

கேள்வி: இங்கிலாந்தில் படிக்கும் மகனைப் பார்க்கப் போயிருந்தபோது, பழங்காலப் பெருங்கல் வட்டமான ஸ்டோன்ஹெஞ்சையும் பார்த்துவிட்டு வந்தேன். ஊர் திரும்பியதும் நண்பர் ஒருவர் ஒரு காணொளியை அனுப்பினார். கிரேன்களை வைத்துத் தொழிலாளர்கள் அந்தக் கற்களைத் தூக்கி நிறுத்தும் கறுப்பு வெள்ளைப் படங்கள் அதில் இருக்கின்றன. நுழைவுக் கட்டணம் பிடுங்குவதற்காக 1954இல் பிரிட்டிஷ் அரசே கட்டிவைத்த போலி அது என்கிறார்கள். கற்கால மனிதர்களால் அவ்வளவு பெரிய கற்களை நகர்த்தியிருக்க முடியுமா என்ற சந்தேகம் எனக்கும் வருகிறது. நான் ஏமாந்துவிட்டேனா?
– ஒரு வாசகர், திருச்சி

பதில்: காணொளியில் உள்ள படங்கள் உண்மையானவை, கூடவே ஓடும் விளக்கம்தான் போலி. ஓடு மாற்றுகிறவரைப் படம் பிடித்துவிட்டு, வீட்டையே இவர்தான் கட்டினார் என்று சொல்வதைப் போன்றது அது. இரண்டு நிலைக்கற்களும் அவற்றின் மேல் ஓர் உத்தரக்கல்லுமாக நின்றிருந்த வாயில் ஒன்று 1797 ஜனவரி 3 அன்று சரிந்து விழுந்தது. 161 ஆண்டுகள் புல்லில் கிடந்த அந்தக் கற்களை 1958இல் கிரேன் வைத்துப் பழைய இடத்திலேயே நிறுத்தினார்கள். 1900ஆம் ஆண்டின் கடைசி நாளில் விழுந்த மற்றொரு நிலைக்கல்லும் அப்போதுதான் எழுந்தது. 1963இல் இன்னொன்று விழ, அதை அடுத்த ஆண்டு நிறுத்தினார்கள். சில கற்களின் அடியில் கான்கிரீட் இருப்பதும் உண்மையே. மோசடி செய்கிறவர்கள் பக்கத்தில் புகைப்படக்காரரையும் நிறுத்திவைத்துக்கொண்டு செய்வதில்லை என்பது உங்கள் நண்பருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

1954இல் கட்டப்பட்டதென்றால், 1570களில் லூக்காஸ் டி ஹீர் என்ற ஓவியர் நேரில் பார்த்து நீர்வண்ணத்தில் தீட்டியது எதை? 1906இல் ராணுவ பலூனில் ஏறிய அதிகாரி மேலிருந்து புகைப்படம் எடுத்தது எதை? எனக்குப் பிடித்த சாட்சி சார்லஸ் டார்வின்தான். 1877இல் தம் முதுமையில் அங்கே போன அவர், சூரியனையும் நட்சத்திரங்களையும் விட்டுவிட்டு, விழுந்து கிடந்த கற்களின் ஓரத்தைத் தோண்டச் சொல்லி மண்புழுவின் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். புழுக்கள் மேலே தள்ளும் மண் சேர்ந்து சேர்ந்து, பெருங்கற்களும் மெல்ல நிலத்துக்குள் அமிழ்கின்றன என்பதை அளந்து பார்ப்பதே அவருடைய நோக்கம். அப்படி அமிழ்வதற்கு எத்தனை காலம் பிடித்திருக்கும் என்பதை உங்கள் நண்பரே கணக்குப் போடட்டும்.

காணொளிக்காரர்களுக்குத் தெரியாத வேடிக்கை ஒன்றும் இருக்கிறது. 1958இல் நிறுத்திய கற்களில் ஒன்றில் விரிசல் கண்டிருந்ததால், அதில் துளை போட்டு உலோகக் கம்பிகளைச் செருகினார்கள். துளையிட்டபோது வெளியே வந்த உருளை வடிவக் கல்துண்டு ஒன்றை, ஒரு மீட்டருக்குச் சற்று அதிக நீளமுள்ளதை, வேலைக்கு வந்த ஊழியர் ஒருவர் நினைவுப் பொருளாக எடுத்துப் போனார். அவரோடு அமெரிக்காவுக்குக் குடியேறிய அது, 60 ஆண்டுகள் கழித்து, 2018இல் அவராலேயே திருப்பிக் கொடுக்கப்பட்டது. நின்றுகொண்டிருக்கும் கல்லில் புதிதாக வெட்டியெடுக்க இன்று யாரும் அனுமதி தரமாட்டார்கள். கையில் இருந்த இந்தத் துண்டின் ஒரு பகுதியை நொறுக்கி, அதன் வேதிக் கூறுகளைப் பல ஊர்க் கற்களோடு ஒப்பிட்டபோது, ஸ்டோன்ஹெஞ்சில் மிஞ்சியிருக்கும் 52 பெரிய சார்சன் (கடினமான மணற்கல் வகை) கற்களில் 50 கற்கள், வடக்கே ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில் மார்ல்பரோவுக்கு அருகிலுள்ள வெஸ்ட் வுட்ஸ் என்ற காட்டிலிருந்து வந்தவை என்பது 2020இல் தெரிய வந்தது. எந்தப் பழுதுபார்ப்பை மோசடிக்குச் சான்றாகக் காட்டுகிறார்களோ, அதே வேலைதான் கற்களின் பிறந்த ஊரைக் கண்டுபிடித்துக் கொடுத்தது.

இனி உங்கள் சந்தேகத்துக்கு வருகிறேன். கற்கால மனிதர்களால் முடியுமா என்று கேட்கிறீர்கள். இந்தக் கேள்வி உங்களுக்கு முன்பே ஏறத்தாழ 900 ஆண்டுகளாகக் கேட்கப்பட்டு வருகிறது. ஒவ்வொரு காலத்திலும் கிடைத்த விடை, கட்டியவர்களை விட்டுவிட்டு வேறு யாருக்காவது மாலை போடுவதாகவே இருந்திருக்கிறது. 12ஆம் நூற்றாண்டில் மான்மத் ஊர் ஜெஃப்ரி என்ற வரலாற்றெழுத்தாளர், மந்திரவாதி மெர்லின் அயர்லாந்திலிருந்து கொண்டுவந்தான் என்று எழுதினார். 17ஆம் நூற்றாண்டில் அரண்மனைக் கட்டடக் கலைஞர் இனிகோ ஜோன்ஸ், இவ்வளவு நேர்த்தி ரோமானியர்களுக்கே கைவரும் என்று தீர்ப்பளித்தார். அவருக்குப் பின் வந்த வால்டர் சார்ல்டன் என்ற மருத்துவர் டென்மார்க்கிலிருந்து வந்த டேனியர்களைக் கைகாட்டினார். 1740இல் பழம்பொருள் ஆய்வாளர் வில்லியம் ஸ்டூக்லி அதைப் பழைய பிரிட்டனின் ட்ரூயிட் பூசாரிகளுக்குரிய கோயிலாக்கினார். இந்த ட்ரூயிடுகளைப் பற்றி ஜூலியஸ் சீசர் எழுதியது கி.மு. முதல் நூற்றாண்டில்; பெரிய கற்கள் நின்றதோ கி.மு. 2500 வாக்கில். இடைவெளி இரண்டாயிரம் ஆண்டுக்கும் மேல். இருந்தும், 1905இல் வெள்ளை அங்கியும் ஒட்டுத்தாடியுமாக ஒரு சங்கத்தார் அங்கே கூடிச் சடங்கு நடத்தத் தடையிருக்கவில்லை. கணினி வந்த 1960களில் அதுவே வானியல் கணக்குப் போடும் கல்லாலான கணினி ஆயிற்று. விண்கலம் வந்த பிறகு வேற்றுக்கிரகத்தார் இறங்கினார்கள்.

ஜெஃப்ரிக்கு மட்டும் ஒரு சலுகை தரலாம். கற்கள் மேற்குத் திசையில் வெகு தொலைவிலிருந்து வந்தன என்பதில் அவர் முழுக்கத் தவறவில்லை. சார்சன்களைவிடச் சிறிய கற்களுக்கு ஆங்கிலத்தில் புளூஸ்டோன் என்று பெயர் (நீலக்கல் என்று மொழிபெயர்த்தால் நம் வாசகர்கள் நகைக்கடைக்குப் போய்விடுவார்கள்). அவற்றில் பல, 200 கிலோமீட்டருக்கும் அப்பால் வேல்ஸில் உள்ள பிரெசெலி மலைகளைச் சேர்ந்தவை என்று 1923இல் ஹெர்பர்ட் தாமஸ் என்ற நிலவியலாளர் காட்டினார். நடுவில் கிடக்கும், பலிபீடக் கல் எனப்படும் 6 டன் கல்லோ, ஏறத்தாழ 750 கிலோமீட்டர் தள்ளி ஸ்காட்லாந்தின் வடகிழக்கிலிருந்து வந்தது என்று 2024இல் வெளியான ஆய்வு சொல்கிறது. கடல்வழியா, தரைவழியா என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் வழக்கு நடக்கிறது. மனிதர்கள் கொண்டுவந்தார்களா என்பதற்கு விடை தேடி விண்வெளிக்குப் போக வேண்டியதில்லை. அவர்கள் வேலை செய்த தடயமும் சாப்பிட்ட மிச்சமும் நிலத்திலேயே கிடக்கின்றன. வட்டத்தைச் சுற்றியுள்ள பள்ளத்தின் அடியில், தோண்டியவர்கள் போட்டுவிட்டுப் போன மான்கொம்புகள் கிடைத்தன, பெரிய கற்களுக்கு முன்பே, கி.மு. 3000 வாக்கில் பள்ளம் தோண்டப்பட்டது என்ற காலக்கணிப்பு அவற்றிலிருந்து வந்ததே. சுமார் 3 கிலோமீட்டர் தொலைவில் டரிங்டன் வால்ஸ் என்ற இடத்தில் பெரிய கற்களை நிறுத்தியவர்களுடையவை என்று கருதப்படும் வீடுகளின் தரையும், குவியல் குவியலாகப் பன்றி எலும்புகளும் வெளிப்பட்டன. பல பன்றிகள் ஒன்பது மாத வயதில் கொல்லப்பட்டவை என்பதைப் பற்கள் காட்டுகின்றன. வசந்தத்தில் பிறந்த குட்டி என்றால், விருந்து நடந்தது நடுக்குளிர்காலத்தில்.

நீங்கள் அங்கே போனபோது 56ஆம் எண் கல்லைப் பார்த்தீர்களா என்று தெரியவில்லை. தரைக்கு மேல் 6 மீட்டருக்கும் அதிகமாக, துணையில்லாமல் தனியாக நிற்பது அது. அதன் உச்சியில் கொழுக்கட்டை அளவுக்குத் தெரியும் ஒரு முளை இருக்கும். அந்த முளை உட்காருவதற்கான குழியைச் சுமந்த உத்தரக்கல், கீழே விழுந்து கிடக்கிறது. வெளிவட்டத்தின் உத்தரக்கற்கள் ஒன்றோடொன்று நாக்கும் காடியுமாகப் பொருந்துகின்றன. வட்டத்தின் வளைவுக்கு ஏற்ப அவற்றையும் வளைத்துச் செதுக்கியிருக்கிறார்கள். இவை கல்தச்சன் வழக்கமாகச் செய்யும் இணைப்புகள் அல்ல, மரத்தச்சன் செய்பவை. மரத்தில் கட்டிப் பழகியவர்கள், உலோகக் கருவி கையில் இல்லாமல், உருண்டைக் கற்களால் கொத்திக் கொத்தியே 20 டன்னுக்கும் மேற்பட்ட கல்லில் அதே வேலையைச் செய்திருக்கிறார்கள். அரசாங்க ஒப்பந்தத்தில் போலி கட்டுகிறவர், யாரும் ஏறிப் பார்க்காத உச்சியில் இத்தனை மெனக்கெட்டிருப்பாரா?

நுழைவுக் கட்டணத்தைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். 1901இல் அந்த நிலத்தின் உரிமையாளராக இருந்த சர் எட்மண்ட் ஆன்ட்ரோபஸ், கற்களைச் சுற்றி வேலி போட்டு ஆளுக்கு ஒரு ஷில்லிங் வசூலிக்கத் தொடங்கினார். காணொளி சொல்லும் ஆண்டுக்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே அங்கே சீட்டுக் கிழித்தாயிற்று.