எமதூதர்கள் பொதுச்சொத்து, அந்தக் கைக்கடிகாரம் உங்களுடையது

கேள்வி: பெருநகரம் ஒன்றில் இரவுப் பணி பார்க்கும் எமதூதர்களை வைத்து ஒரு நாவல் எழுதினேன். இறந்தவர்களை மறுவுலகத்துக்கு அழைத்துச் செல்லும் ஒருத்தி, ஒருநாள் பட்டியலில் தன் தங்கையின் பெயரைப் பார்க்கிறாள் என்பதுதான் கதை. கைப்பிரதியை ஒரு பதிப்பகத்துக்கு மின்னஞ்சலில் அனுப்பினேன். நிராகரித்துவிட்டார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து, அதே பதிப்பகம் வேறொருவர் பெயரில் எமதூதர் நாவல் ஒன்றைச் சென்ற மாதம் வெளியிட்டிருக்கிறது. அதிலும் இரவுப் பணி, அதிலும் தங்கை. என் நாயகி உயிரை எடுக்கும் முன் இறப்பவரின் கைக்கடிகாரத்தைக் கழற்றி மூன்று நிமிடம் பின்னுக்குத் திருப்பி வைப்பாள். அதுகூட அப்படியே இருக்கிறது. நான் பதிப்புரிமையைப் பதிவு செய்யவில்லை. வழக்குத் தொடர முடியுமா? அதற்கு முன் முகநூலில் எல்லாவற்றையும் எழுதிவிடலாமா?

பதில்: முகநூலில் எழுதாதீர்கள். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். வழக்குத் தொடர முடியும். ஆனால் எதற்காகத் தொடர்கிறீர்கள் என்பதை மாற்றிக்கொள்ள வேண்டும்.

பதிவு பற்றிய கவலையை முதலில் விடுங்கள். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, நீங்கள் எழுதியபோதே உரிமை உங்களுக்கு வந்துவிட்டது. பதிவு என்பது சான்றுக்கு உதவும் ஏற்பாடு மட்டுமே. இப்போதுகூடச் செய்துகொள்ளலாம்.

உங்கள் முழுக் கடிதத்தில் “என் எமதூதர்களைத் திருடிவிட்டார்கள்” என்று மூன்று இடங்களில் எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியை வைத்து வழக்குப் போட்டால் தோற்றுப்போவீர்கள். சாவித்திரியோடு வாதாடியவனும், நசிகேதனுக்குப் பதில் சொன்னவனும், மார்க்கண்டேயன் மீது பாசக்கயிறு வீசியவனும் எமன்தான். அவன் தூதர்களை நகரத்துக்கு அழைத்து வருவதும், அவர்களுக்கு அலுவலகமும் மேலதிகாரியும் கொடுப்பதும் கருத்து. கருத்துக்குப் பதிப்புரிமை கிடையாது. தங்கையின் பெயர் பட்டியலில் வருவதும், தனியாக எடுத்துப் பார்த்தால், வேறு எழுத்தாளர் ஒருவருக்குத் தோன்றக்கூடியதுதான்.

உச்ச நீதிமன்றம் 1978-இல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் இதைத் தெளிவாகச் சொன்னது. தம் நாடகத்தைக் கேட்டுவிட்டு அதிலிருந்தே படமெடுத்தார்கள் என்று ஒரு நாடக ஆசிரியர் தொடுத்த வழக்கு அது. நாடகம், படம் இரண்டுக்கும் அடிக்கரு மாநிலப் பற்று. ஆனாலும் அவர் தோற்றார். ஒரே கரு வேறு விதமாகக் கையாளப்பட்டிருந்தால் அது மீறல் ஆகாது என்றது நீதிமன்றம். அந்தத் தீர்ப்பிலேயே உங்களுக்கு உதவும் அளவுகோலும் இருக்கிறது: இரண்டையும் படித்த ஒருவருக்கு, பின்னது முன்னதன் நகல் என்ற எண்ணம் ஐயத்துக்கு இடமின்றி ஏற்படுகிறதா?

நீங்கள் இணைத்திருந்த பக்கங்களை இந்தக் கேள்வியோடு வரிவரியாகப் படித்தேன். கைக்கடிகாரம் உங்கள் பலமான இடம். எந்தப் புராணத்திலும் எமதூதர் கடிகாரத்தைத் திருப்புவதில்லை. அந்த மூன்று நிமிடத்தில் இறப்பவர் ஒரு பெயரைச் சொல்வதும், அதை நாயகி பதிவேட்டின் ஓரத்தில் எழுதிக்கொள்வதும், அந்த ஓரக்குறிப்புகளே இறுதியில் தங்கையைக் காப்பாற்றுவதும் அதே வரிசையில் அந்தப் புத்தகத்திலும் வருகின்றன. நிகழ்ச்சிகளை இப்படிக் கோத்தது உங்கள் உழைப்பு. சட்டம் காப்பது அந்தக் கோர்வையை.

இன்னொன்றை நீங்கள் கவனிக்கவே இல்லை. உங்கள் நாவலில் நான்காம் மாடியில் இருக்கும் மருத்துவமனை அறை, இரண்டு அத்தியாயம் கழித்து ஐந்தாம் மாடிக்குப் போய்விடுகிறது. அது உங்கள் கவனப்பிசகு. அச்சான புத்தகத்திலும் அந்த அறை அதே காட்சியில் மாடி மாறுகிறது. ஒரே கற்பனை இருவருக்கு வரலாம். ஒரே பிழை ஒரே இடத்தில் தற்செயலாக வந்தது என்று நீதிபதியை நம்ப வைப்பது கடினம். தயவுசெய்து அந்தப் பிழையை மூலக் கோப்பில் திருத்திவிடாதீர்கள்.

நகல் எடுத்தார்கள் என்று சொல்ல, உங்கள் பிரதி அவர்கள் கைக்குப் போனதையும் காட்ட வேண்டும். அனுப்பிய மின்னஞ்சலும் நிராகரித்த பதிலும் அதற்குப் போதும். அவற்றை அழிக்காமல் கணக்கிலேயே வைத்திருங்கள். மின்னணு ஆவணத்தின் நகலை நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய, 2023-ஆம் ஆண்டின் பாரதிய சாட்சிய அதினியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவின்படி சான்றிதழ் வேண்டும். அதற்கு உங்கள் வழக்கறிஞர் வழிகாட்டுவார்.

பதிப்பகத்தின் மீது இரண்டாவது வழியும் உண்டு: நம்பிக்கை மீறல். பரிசீலனைக்காக மட்டும் ஒப்படைத்ததை வேறு எதற்கும் பயன்படுத்தக் கூடாது. ஒரு தொலைக்காட்சித் தொடருக்கான கருத்தை நம்பிக்கையின் பேரில் சொன்னவர்களுக்கு, 2003-இல் ஜீ டெலிஃபிலிம்ஸ் வழக்கில் மும்பை உயர் நீதிமன்றம் இந்த அடிப்படையிலும் பாதுகாப்புக் கொடுத்தது. பதிப்புரிமை கைவிடும் இடத்தில்கூட இது கைகொடுக்கலாம். மனுவில் இரண்டையும் சேர்த்தே கேளுங்கள்.

முதலில் வழக்கறிஞர் அறிவிப்பு. பதில் சரியில்லையென்றால், நீங்கள் குடியிருக்கும் பகுதியின் நீதிமன்றத்திலேயே வழக்குத் தொடர பதிப்புரிமைச் சட்டத்தின் 62-ஆம் பிரிவு இடம் தருகிறது. விற்பனைக்கு இடைக்காலத் தடை, நஷ்டஈடு, மீறலால் அவர்கள் அடைந்த லாபத்தின் கணக்கு ஆகியவற்றைக் கேட்கலாம். மீறல் நடந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகள் அவகாசம் இருக்கிறது. ஆனால் தடை கேட்பவர் தாமதித்தால் அதுவே அவருக்கு எதிராகப் பேசும். அதே பதிப்புரிமைச் சட்டத்தின் 63-ஆம் பிரிவின்படி ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. அதற்குத் தெரிந்தே செய்தார்கள் என்று நிரூபிக்க வேண்டும். காவல் நிலையத்திலிருந்து தொடங்குவதை நான் ஆதரிக்கவில்லை.

முகநூல் வேண்டாம் என்றதற்குக் காரணம் இதுதான். நிரூபிக்கும் முன் ஒருவரைப் பெயர் சொல்லித் திருடர் என்றால், அவர் உங்கள் மீது அவதூறு வழக்குப் போடுவார். பாதிக்கப்பட்ட நீங்கள் எதிர்மனுதாரராகக் கூண்டில் நிற்பதை நான் பார்க்க விரும்பவில்லை.

உங்கள் கடிதத்தில் பணம் பற்றி ஒரு வார்த்தை இல்லை; “என் பெயர் வர வேண்டும்” என்று மட்டும் கேட்டிருக்கிறீர்கள். அது வெறும் ஆசை அல்ல. படைப்பு தன்னுடையது என்று உரிமை கோருவதைப் பதிப்புரிமைச் சட்டத்தின் 57-ஆம் பிரிவு ஆசிரியரின் தனி உரிமையாகவே வைத்திருக்கிறது. சமரசப் பேச்சு வந்தால், தொகையை ஏற்கும் முன் இந்த நிபந்தனையை எழுத்தில் வாங்குங்கள்.

இரண்டாம் பாகம் எழுதிக்கொண்டிருப்பதாகச் சொல்கிறீர்கள். நிறுத்தாதீர்கள். அதை யாருக்கு அனுப்பினாலும், “பரிசீலனைக்கு மட்டும், என் எழுத்துபூர்வ ஒப்புதலின்றி வேறு யாருக்கும் காட்டவோ பயன்படுத்தவோ கூடாது” என்ற வரியை மின்னஞ்சலின் முதல் பத்தியிலேயே சேர்த்துவிடுங்கள்.