படங்களில் ஒரே மெழுகுவர்த்தியில் அறை முழுக்க வெளிச்சம் வருவது எப்படி?

பெரும்பாலும் அது மெழுகுவர்த்தியின் வெளிச்சமே இல்லை. ஒரு திரி ஒரு மீட்டர் தள்ளித் தருவது ஏறக்குறைய 1 லக்ஸ்தான் (லக்ஸ் என்பது ஒரு இடத்தில் விழும் வெளிச்சத்தின் அளவு). இரண்டு மீட்டர் போனால் அதிலும் கால் பங்கு. நம் கண் பழகிக்கொள்ளும், கேமரா திணறும். அதனால் ஃபிரேமுக்கு வெளியே ஒரு மஞ்சள் விளக்கை டிம்மரில் குறைத்து, சுடர் இருக்கும் பக்கத்திலிருந்தே அடிப்பார்கள். நன்றாகச் செய்தால் தெரியவே தெரியாது. ஆனால் சில கரண்ட் கட் காட்சிகளில் பின்சுவரைப் பாருங்கள், மெழுகுவர்த்தியின் நிழலே அங்கே விழுந்திருக்கும். சுடர்தான் விளக்கு என்றால் அந்த நிழல் எங்கிருந்து வந்தது? எனக்கு அந்த இடத்திலேயே காட்சி கலைந்துவிடும்.

நிஜமாகவே மெழுகுவர்த்தியில் எடுத்தவர் இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக். 1975இல் வந்த 'பேரி லிண்டன்' படத்தின் சில காட்சிகளை மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் எடுக்க, நாசாவுக்காகச் செய்யப்பட்ட, ஸெய்ஸ் (Zeiss) நிறுவனத்தின் எஃப்/0.7 லென்ஸ் தேவைப்பட்டது; மிக அகலமாகத் திறந்து நிறைய வெளிச்சத்தை உள்ளே விடும் லென்ஸ் அது. அதில் ஃபோகஸ் ஆழம் மிகக் குறைவு. நடிகர் கொஞ்சம் முன்னால் சாய்ந்தாலே முகம் மங்கிவிடும்.