வாசகர் கேள்விகள்: கடனை அடைப்பதா, வீட்டுக்குச் சேர்ப்பதா?

கேள்வி: நானும் என் கணவரும் வேலைக்குச் செல்கிறோம். தொகைகளை வெளியில் சொல்ல விருப்பமில்லை என்பதால், எங்கள் இருவரின் மாத வருமானத்தை 100 என்று வைத்துக்கொண்டு மற்றவற்றையும் அதே அளவில் எழுதுகிறேன். வாடகை 22, வீட்டுச் செலவு 48. தனிநபர் கடனில் இன்னும் 160 பாக்கி. ஆண்டு வட்டி 14 சதவீதம், மாதத் தவணை 8. வட்டியில்லாத் தவணையில் வாங்கிய வீட்டுச் சாமான்களுக்கு மாதம் 4 வீதம் இன்னும் ஆறு மாதம் கட்ட வேண்டும். கிரெடிட் கார்டில் 90 நிலுவை. வட்டி மாதம் 3 சதவீதம். பில்லில் 5 சதவீதமான குறைந்தபட்சத் தொகையை, அதாவது ஏறத்தாழ 5, தவறாமல் கட்டிவிடுகிறோம். நாத்தனாரிடம் கைமாற்றாக வாங்கிய 60-க்கு வட்டியும் இல்லை, கெடுவும் இல்லை. இத்தனைக்கும் நடுவில், சொந்த வீட்டுக்கென்று மாதம் 10 போட்டு வருகிறோம். 7 சதவீத வட்டியில் அது 120 ஆகியிருக்கிறது. அந்தப் பணத்தைத் தொட்டால் வீடு கைவிட்டுப் போய்விடும் என்கிறார் என் கணவர். கடன்கள் முடியட்டும், பிறகு சேர்க்கலாம் என்பது என் எண்ணம். எங்களில் யார் சொல்வது சரி?

பதில்: கணக்கு உங்கள் பக்கம் இருக்கிறது, ஆனால் உங்கள் கணவரின் அச்சத்தையும் ஒதுக்கிவிட முடியாது. எனவே அவர் அஞ்சும் இடத்திலிருந்தே தொடங்குகிறேன்.

நீங்கள் சேர்த்துள்ள 120 மாதம் ஒன்றுக்கு ஈட்டித் தருவது 0.7 மட்டுமே. கார்டில் நிற்கும் 90 அதே மாதத்தில் 2.7-ஐ வட்டியாகத் தின்றுவிடுகிறது. வங்கிக்கு 7 சதவீதத்துக்குக் கடன் கொடுத்துவிட்டு, இன்னொரு கையால் 36 சதவீதத்துக்குக் கடன் வாங்கிக்கொண்டிருக்கிறீர்கள் என்பதுதான் இதன் பொருள். நீங்கள் கட்டும் குறைந்தபட்சத் தொகையில் பாதிக்கு மேல் வட்டிக்கே போய்விடுகிறது. அசலில் கழிவது இரண்டுக்கும் குறைவு. இனி அந்தக் கார்டில் ஒரு பொருள்கூட வாங்காமல், இதே முறையில் பில்லின் 5 சதவீதத்தை மட்டும் கட்டிக்கொண்டு போனால், நிலுவை பாதியாகக் குறையவே ஏறத்தாழ 32 மாதங்கள் ஆகும். பொதுவாக, முழு பில்லையும் கட்டாதவர்களுக்குப் புதிதாக வாங்கும் பொருட்களின் மீதான வட்டியில்லா நாட்களும் கிடைப்பதில்லை; வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடத் தொடங்கிவிடும். இதைப் பலர் கவனிப்பதே இல்லை.

ஆகவே, அந்த வைப்பைக் கலைத்துக் கார்டு நிலுவை 90-ஐயும் ஒரே தவணையில் அடைத்துவிடுங்கள். முன்கூட்டியே முடிப்பதற்காக வட்டியில் கொஞ்சம் பிடித்துக்கொள்வார்கள். அது 120-இல் ஒரு சதவீதம் என்றே கொண்டாலும் 1.2தான், கார்டின் அரை மாத வட்டிக்கும் குறைவு. மீதமுள்ள 30-ஐ வீட்டுக்கென்றும் எண்ண வேண்டாம், வேறு கடனுக்கும் கொடுக்க வேண்டாம். அது அவசரத்துக்கான பணம். கடனை அடைக்கும் வேகத்தில் கையிலிருப்பதையெல்லாம் கொட்டித் தீர்த்துவிட்டு, அடுத்த மாதமே ஒரு மருத்துவச் செலவு வந்ததும் மறுபடி கார்டை நீட்டிய குடும்பங்கள் பல. கடன் திரும்பி வருவதற்கு ஊதாரித்தனத்தைவிட இதுவே பெரும்பாலும் காரணம் என்பது என் கருத்து.

இனி மாதக் கணக்குக்கு வருவோம். கார்டுக்குப் போய்க்கொண்டிருந்த 5, வீட்டுக்குப் போட்டுவந்த 10, உங்கள் பட்டியலில் எந்தத் தலைப்பிலும் வராமல் கரைந்துகொண்டிருக்கும் 3 (கூட்டிப் பாருங்கள், நீங்கள் சொன்ன செலவுகள் 97தான் வருகின்றன) ஆகியவற்றைச் சேர்த்தால் மாதம் 18 கைக்கு வருகிறது. வாடகை, வீட்டுச் செலவு, தவணைகள் எல்லாம் சேர்ந்து மாதத்துக்கு 82 என்பதால், முதல் மூன்று மாதங்களில் இந்த 18-ஐ அவசரப் பணத்தோடு சேர்த்து அதை 84 ஆக்கிவிடுங்கள். ஒரு மாதம் முழுவதும் சம்பளமே வராவிட்டாலும் வீடு ஓடும் என்ற நிலை அப்போது வந்துவிடும்.

நான்காம் மாதத்திலிருந்து அந்த 18-இல் 5 நாத்தனாருக்கு. வட்டியில்லாக் கடனைக் கடைசியில் அடைப்பதே லாபம் என்று வெறும் கணக்கு சொல்லும். ஆனால் கெடு சொல்லாமல் வாங்கிய கைமாற்று, கொடுத்தவர் வாய்திறந்து கேட்க முடியாமல் மனத்துக்குள் வைத்துக்கொள்ளும் கடனாகிவிடும். இன்ன தேதியில் இவ்வளவு என்று உங்கள் கணவரே தம் அக்காவிடமோ தங்கையிடமோ நேரில் சொல்லட்டும். மீதி 13-ஐத் தனிநபர் கடனின் தவணையோடு கூடுதலாகக் கட்டுங்கள். ஆறு மாதம் முடிந்து சாமான்களுக்கான தவணை நின்றதும் அந்த 4-ம் இதனுடன் சேரட்டும். இப்படிச் செய்தால், இன்னும் 23 மாதம் ஓட வேண்டிய தனிநபர் கடன் 10-ஆம் மாதத்திலேயே முடிந்துவிடும். 11-ஆம் மாதத்தில் நாத்தனாருக்குத் தர வேண்டியதும் தீர்ந்துவிடும். கூடுதல் தொகையை மாதந்தோறும் ஏற்கிறார்களா, அதற்குக் கட்டணம் உண்டா என்பதை ஒப்பந்தத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். கட்டணம் உண்டென்றால், அதையும் மிச்சமாகும் வட்டியையும் அருகருகே எழுதிப் பார்த்த பிறகே முடிவெடுக்க வேண்டும். கூடுதலாகக் கட்டியது அசலில்தான் கழிக்கப்பட்டதா, அடுத்த தவணைக்கான முன்பணமாக வைத்துக்கொள்ளப்பட்டதா என்பதையும் கணக்கு அறிக்கையில் சரிபாருங்கள்.

12-ஆம் மாதத்திலிருந்து உங்களால் மாதம் 30 சேர்க்க முடியும். இன்றைய வழியிலேயே போயிருந்தால் தனிநபர் கடன் முடிந்திருக்கக்கூடிய 23-ஆம் மாதத்தின் இறுதியில் வீட்டுக்கென்று 360-ம், அவசரத்துக்கென்று 84-ம், கடன் ஏதுமற்ற பெயரும் உங்களிடம் இருக்கும். இன்றைய வழியில் அதே நாளில் நீங்கள் வீட்டுக்குப் போட்டது 350 ஆகியிருக்கும், வட்டி தனி. ஆனால் கார்டில் ஏறத்தாழ 55-ம் நாத்தனாருக்கு 60-ம் அப்படியே நிற்கும். இந்த வித்தியாசம் முழுவதும் வட்டியால் வந்ததன்று. கரைந்துகொண்டிருந்த 3-க்கும், விடுபட்ட 4-க்கும் வேலை கொடுத்ததும் இதில் அடங்கும். உங்கள் கணவரிடம் காட்ட வேண்டியது இந்த இரண்டு வரிசைகளைத்தான். வீட்டுப் பணம் என்று தனியாக ஒரு கணக்கு கண்ணெதிரே இருப்பது அவருக்குத் தெம்பாக இருக்கிறதென்றால், முதல் 11 மாதங்களிலும் பெயருக்கு மாதம் 1 அதில் போய்ச் சேரட்டும். கணக்குப்படி அது சிறு நட்டம்தான். ஆனால் இருவரும் சேர்ந்து கடைப்பிடிக்க வேண்டிய திட்டத்தில் அந்த அளவு விட்டுக்கொடுக்கலாம்.

வீட்டுக்கடன் கொடுப்பவர்கள் முதலில் பார்ப்பது வருமானத்தில் எவ்வளவு பங்கு ஏற்கெனவே தவணைகளுக்குப் போகிறது என்பதையே. அதனால் இப்போது அடைக்கும் ஒவ்வொரு கடனும் நாளை உங்களுக்குக் கிடைக்கும் தொகையைக் கூட்டும். அன்றைக்கு வாடகை 22-ம் சேமிப்பு 30-ம் சேர்த்து 52 வரை தவணை கட்டலாம் என்று தோன்றும். 35-க்கு மேல் போக வேண்டாம் என்பேன். பராமரிப்பு, வரி, காப்பீடு ஆகியவை வாடகைக்கு இருக்கும்போது கண்ணில் படாத செலவுகள். வீட்டின் விலை முழுவதற்கும் பொதுவாகக் கடன் கிடைக்காது. ஒரு பகுதியைக் கையிலிருந்துதான் போட வேண்டும், பதிவுச் செலவுகளும் அதற்கு மேல் வரும். அந்த முன்பணத்துக்காக இன்னொரு தனிநபர் கடன் வாங்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால், மரியாதையாக மறுத்துவிடுங்கள். மூன்று நான்கு ஆண்டுகளில் எடுக்கப்போகும் பணம் என்பதால், அதைப் பங்குச் சந்தையில் போடுவதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கேள்வி: எனக்கு 14 சதவீத வட்டியில் ஒரு கடன் இருக்கிறது, முடிய மூன்று ஆண்டுகள் ஆகும். வேறொரு நிறுவனம் 10 சதவீத ஃபிளாட் வட்டியில் கடன் தந்து இதை அடைத்துவிடுவதாகச் சொல்கிறது. மாறிக்கொண்டால் மிச்சமாகும் 4 சதவீதத்தை வீட்டுக்குச் சேர்க்கலாம் அல்லவா?

பதில்: மிச்சம் ஏதும் ஆகாது, நட்டமே ஆகும். ஃபிளாட் வட்டி என்றால், நீங்கள் அசலைக் கட்டக் கட்டவும், முதல் நாள் வாங்கிய முழுத் தொகைக்கே கடைசி மாதம் வரை வட்டி போடுவார்கள். 100 கடனுக்கு மூன்று ஆண்டுகளில் வட்டி 30. மாதத் தவணை 3.61. உங்கள் இப்போதைய கடன் குறையும் இருப்பின் மீது வட்டி கணக்கிடும் வகையாக இருந்தால் (ஒப்பந்தத்தில் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள்), அதே 100-க்கு மூன்று ஆண்டுகளில் வட்டி 23, தவணை 3.42. அவர்கள் சொல்லும் 10 சதவீதத்தை உங்கள் கடனின் முறையில் மாற்றிச் சொன்னால் ஏறத்தாழ 18 சதவீதம். இதற்கு மேல் செயலாக்கக் கட்டணமும் இருக்கும். எந்தக் கடன் அழைப்பு வந்தாலும், சதவீதத்தை விட்டுவிட்டு, மொத்தம் எத்தனை தவணை, ஒவ்வொன்றும் எவ்வளவு, கையில் வருவது எவ்வளவு என்ற மூன்றை மட்டும் எழுத்தில் கேளுங்கள். சொல்லத் தயங்கினால் அத்துடன் பேச்சை முடித்துக்கொள்ளலாம்.

கேள்வி: கடைசித் தவணையையும் கட்டிவிட்டேன். இனி நான் செய்ய வேண்டியது ஏதேனும் உண்டா?

பதில்: உண்டு. பாக்கி ஏதுமில்லை என்ற சான்றிதழை எழுத்தில் வாங்குங்கள். கொடுத்துவைத்த காசோலைகளையும் அசல் ஆவணங்களையும் திரும்பப் பெறுங்கள். உங்கள் கணக்கிலிருந்து தவணை தானாகக் கழியும் ஏற்பாட்டை நிறுத்துங்கள். ஓரிரு மாதங்கள் கழித்து உங்கள் கடன் வரலாற்று அறிக்கையை எடுத்து, அந்தக் கடன் முடிந்ததாகப் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். முடிந்த கடன் நிலுவையில் இருப்பதாகவே காட்டிக்கொண்டிருந்தால், வீட்டுக்கடனுக்கு விண்ணப்பிக்கும் நேரத்தில் அது தடையாக வந்து நிற்கும். அப்போது திருத்தச் சொல்லி அலைவதைவிட இப்போதே எழுதிக் கொடுத்துச் சரிசெய்வது எளிது.