நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி: என் மகனுக்கு 24 வயது. வலி மாத்திரையைக் கரைத்து ஊசியாகப் போட்டுக்கொள்ளும் பழக்கத்தில் மாட்டிக்கொண்டான். நான்கு மாதமாக, நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை கொடுக்கிறார்கள். இப்போது ஒழுங்காக வேலைக்குப் போகிறான். "ஒரு போதையை விட்டு இன்னொரு போதையா, நிறுத்து" என்கிறார் என் அண்ணன். நிறுத்தலாமா டாக்டர்?
- ஒரு தாய், பெரம்பூர்

பதில்: இப்போது நிறுத்த வேண்டாம் அம்மா. அது புப்ரினார்பின் என்ற மருந்து. வலி மாத்திரை மூளையில் எங்கே போய் ஒட்டுமோ, அங்கேயே இதுவும் ஒட்டும். ஆனால் ஓர் அளவுக்கு மேல் இதன் வேகம் ஏறாது. போதையை விட்டதும் வரும் உடல்வலி, வாந்தி, தூக்கமின்மை, அந்தத் தவிப்பு எல்லாம் அடங்கும். உடல் இதற்குப் பழகும், உண்மைதான். ஆனால் இதைத் தேடித் தெருத்தெருவாக அலைய வைக்காது. உங்கள் மகன் வேலைக்குப் போவதே அதற்குச் சாட்சி.

உங்கள் அண்ணனிடம் ஒன்றை அவசியம் சொல்லுங்கள். மருந்தை நிறுத்தினால், முன்பு தாங்கிய வலி மாத்திரை அளவை உடல் தாங்காது. ஏதோ ஒரு நாள் மனம் தடுமாறி, பழைய அளவையே போட்டுக்கொண்டால் மூச்சு நின்றுவிடும். நிறுத்திய முதல் சில வாரங்களில்தான் இப்படிச் சாவது அதிகம். எனக்குப் பெரிய பயமே இதுதான். பலருக்கு ஒரு வருடத்துக்கு மேல்கூட மருந்து தேவைப்படும். பிறகு, மருத்துவர் சொல்லும்போது கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கலாம்.

மாத்திரையை விழுங்கக் கூடாது, விழுங்கினால் சரியாக வேலை செய்யாது. முழுதாகக் கரையும்வரை டீ, காபி வேண்டாம். கரைந்ததும் வாயைக் கொப்பளிக்கச் சொல்லுங்கள், ஒரு மணி நேரம் கழித்துப் பல் தேய்க்கட்டும். இல்லையென்றால் பல் கெடலாம். மதுவும் தூக்க மாத்திரையும் இதோடு சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. மாத்திரை உங்கள் பொறுப்பில், குழந்தைகள் கைக்கு எட்டாமல் இருக்கட்டும்.

நடுவில் ஒரு முறை சறுக்கினால் வீட்டை விட்டுத் துரத்தாதீர்கள். அன்றே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். எழுப்பினாலும் எழாமல், மூச்சு மெதுவாகி, உதடு நீலமானால் உடனே 108. வண்டி வரும்வரை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், மூச்சைக் கவனித்துக்கொண்டே இருங்கள்.

உங்களுக்கே மனசு கனத்தால் 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். அப்புறம், ஊசி போட்டிருப்பதால் எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் சி (கல்லீரலைத் தாக்கும் கிருமி) பரிசோதனை செய்தாகிவிட்டதா? ஹெபடைடிஸ் சி இருந்தாலும் பெரும்பாலும் மூன்று மாத மாத்திரையிலேயே குணமாகிவிடும். அரசு மருத்துவமனைகளில் அதற்கு இலவச சிகிச்சை உண்டு. அடுத்த முறை போகும்போது கேளுங்கள், அண்ணனையும் கூட்டிப் போங்கள்.