வீட்டைக் காலி செய்யச் சொல்கிறார்களா? வாடகைக் குடியிருப்பாளர்களின் கேள்விகளும் பதில்களும்

கிழக்குக் கரையில் உல்லாசப் பயணிகளின் காலம் தொடங்கப் போகிறது என்றால், திருகோணமலையை அடுத்த உப்புவெளியிலும் நிலாவெளியிலும் வாடகைக்கு இருப்பவர்களுக்குக் கலக்கமும் தொடங்கிவிடுகிறது. மாத வாடகையில் கிடைப்பதை வீட்டுக்காரர் சில நாட்களிலேயே எடுத்துவிடக்கூடிய காலம் அது. நகருக்குள் காரணங்கள் வேறு: வெளிநாட்டிலிருந்து பிள்ளை வருகிறது, வீடு விலைப்பட்டுவிட்டது, உறவினருக்குத் தேவைப்படுகிறது. வந்த கேள்விகளில் சிலவற்றை இங்கே எடுத்திருக்கிறேன்.

எல்லாக் கடிதங்களிலும் இருக்கும் பயம் ஒன்றுதான்: "நாளைக்கே சாமான்களைத் தூக்கி வெளியே வைத்துவிடுவார்களா?" வீட்டுக்காரருக்கு அந்த உரிமை இல்லை. ஒப்பந்தக் காலம் முடிந்திருந்தாலும், வாடகை பாக்கி இருந்தாலும் இல்லை. குடியிருப்பவரை வெளியேற்றும்படி சொல்ல வேண்டியது நீதிமன்றம். அந்தக் கட்டளையை நிறைவேற்ற வேண்டியவர் நீதிமன்றத்தின் பிஸ்கால் அலுவலர். அதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

உவர்மலையிலிருந்து ஓர் ஆசிரியை: இரண்டு வருடத்துக்கு ஒப்பந்தம் எழுதி, ஒரு வருட வாடகையை முற்பணமாகக் கொடுத்தோம். பத்து மாதம்கூட ஆகவில்லை. மகன் கனடாவிலிருந்து வருகிறார், அடுத்த மாதம் வீட்டை விடுங்கள் என்கிறார் வீட்டுக்கார அம்மா. ஒப்பந்தம் சமாதான நீதவான் முன்னிலையில் முத்திரை ஒட்டிக் கையெழுத்து வைத்தது. அது செல்லும்தானே?

உங்கள் கேள்வியின் கடைசி வரிதான் எனக்குக் கவலை தருகிறது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை எதுவானாலும், உறுதிகளை எழுதி அத்தாட்சிப்படுத்தும் நொத்தாரிசு ஒருவர் முன்னிலையில் இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட்டிருக்க வேண்டும் என்கிறது அது. சமாதான நீதவானின் முத்திரை அந்த இடத்தை நிரப்பாது. எனவே "இரண்டு வருடம்" என்று கடதாசியில் எழுதியிருந்தாலும், அந்தக் காலத்தைச் சட்டப்படி பிடித்துக்கொள்ள உங்களால் முடியாது. நீங்கள் குடியிருந்து, வாடகையும் கொடுத்து வந்ததால் உங்களுக்கு இருப்பது மாத வாடகைக்குக் குடியிருக்கும் உரிமை.

அதற்கும் மதிப்பு உண்டு. மாத வாடகையை முடிக்க வேண்டுமானால் ஒரு முழு மாத அறிவித்தல் தர வேண்டும். அது வாடகை மாதத்தின் கடைசி நாளோடு முடிய வேண்டும். உங்கள் வாடகை மாதம் முதலாம் திகதி தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். ஓகஸ்ட் 10ஆம் திகதி அறிவித்தல் தந்தால், அது செப்டெம்பர் 30இல்தான் முடியும்; செப்டெம்பர் 10இல் அல்ல. வாசலில் நின்று வாயால் சொன்னதை வைத்துக்கொண்டு பின்னர் வழக்குப் போடுவது அவருக்குச் சிரமம். ஆகவே எழுத்தில் தரும்படி மரியாதையாகக் கேளுங்கள். கேட்பதில் சண்டை எதுவும் இல்லை.

முற்பணத்தில் இன்னும் கழியாத மாதங்களின் பணம் உங்களுடையது. நான் உங்கள் இடத்தில் இருந்தால் வழக்கைப் பற்றி யோசிக்க முன் பேரம் பேசுவேன். பாடசாலைத் தவணை முடியும் வரை அவகாசம், மிச்ச முற்பணம் வீட்டுச் சாவி கைமாறும் அதே நாளில், ஏற்றி இறக்கும் செலவில் ஒரு பங்கு. மகன் வரும் நாள் அவருக்கு முக்கியம்; வழக்கு என்று போனால் அந்த நாளுக்குள் வீடு கிடைக்காது என்பது அவருக்கும் தெரியும். பேசி முடித்ததை ஒரு தாளில் எழுதி இருவரும் ஒப்பமிடுங்கள்.

ஒப்பந்தம் நொத்தாரிசு உறுதியாக இருந்திருந்தால் என் பதில் வேறாக இருந்திருக்கும். இடையில் முடிக்கலாம் என்ற நிபந்தனை அதில் எழுதப்பட்டிருந்தாலொழிய, நீங்கள் ஒழுங்காக நடக்கும் வரை, குறித்த காலம் முடியும் வரை வீடு உங்கள் கையில்தான். மகன் வருவது நல்ல காரணம்தான், ஆனால் உறுதியை முறிக்க அது போதாது. நொத்தாரிசுக்குக் கொடுக்கும் கட்டணம் வீண் செலவு என்று நினைக்கும் இளம் குடும்பங்கள் இதைக் கவனிக்க வேண்டும் என்பது என் ஆசை.

உப்புவெளி வாசகர்: சித்திரைக்கு முன் வீட்டை விடச் சொன்னார்கள். மறுத்தோம். முதலில் மின்சாரம் நின்றது. போன வாரம் நாங்கள் ஒரு சாவீட்டுக்குப் போய் வருவதற்குள் படலைக்கும் கதவுக்கும் புதுப் பூட்டு. சாமான்கள் எல்லாம் உள்ளே. என்ன செய்வது?

இன்றே செய்யுங்கள். முதலில் பொலிஸ் நிலையத்துக்குப் போய் முறைப்பாடு பதிந்து, அதன் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். "இது சிவில் பிரச்சினை, நீதிமன்றத்துக்குப் போங்கள்" என்று சொல்லி அனுப்பப் பார்ப்பார்கள். வாடகைத் தகராறு சிவில் விடயம்தான். ஆனால் குடியிருப்பவரைப் பலவந்தமாக வெளியேற்றி, சமாதானக் குலைவு ஏற்படும் நிலை வந்தால், அதற்கென்றே தனிச் சட்டம் இருக்கிறது: 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க முதனிலை நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டம். அதன் 66ஆம் பிரிவின் கீழ் பொலிஸார் நீதிமன்றத்துக்கு அறிக்கையிடலாம். அவர்கள் செய்யாவிட்டால், சத்தியக் கடதாசி மூலம் உங்கள் சட்டத்தரணியே நேராக மனுவைத் தாக்கல் செய்யலாம்.

இந்த வழியில் வீடு யாருடையது என்று நீதிமன்றம் ஆராயப் போவதில்லை. யார் குடியிருந்தார், எப்போது வெளியேற்றப்பட்டார் என்பதைத்தான் பார்க்கும். 68ஆம் பிரிவின்படி, மனுத் தாக்கல் செய்யப்படுவதற்கு முந்திய இரண்டு மாதங்களுக்குள் பலவந்தமாக வெளியேற்றப்பட்டவரை மீண்டும் குடியமர்த்தும்படி நீதவான் கட்டளையிடலாம். இரண்டு மாதம். ஊர்ப் பெரியவர்களை வைத்துப் பேசிப் பார்ப்போம், திருவிழா முடியட்டும் என்று நாட்களைக் கடத்தியவர்கள் இந்தக் கதவை இழந்துவிடுகிறார்கள். பேசுவதானால் பேசுங்கள், ஆனால் மனு உள்ளே போன பிறகு பேசுங்கள்.

பூட்டை நீங்களே உடைக்க வேண்டாம். படம் எடுத்து வையுங்கள், திகதி தெரியும்படி. அந்த முகவரியில் வந்த மின் பட்டியல், பிள்ளையின் பாடசாலைக் கடிதம், கிராம உத்தியோகத்தரின் வதிவிடச் சான்று, அயலவர் ஒருவரின் சத்தியக் கடதாசி ஆகியவைதான் நீங்கள் அங்கே வாழ்ந்தீர்கள் என்பதற்கான சாட்சி.

நீங்கள் உள்ளே இருக்கும்போதே மின்சாரத்தையோ தண்ணீரையோ நிறுத்தி வெருட்டுகிறார்கள் என்றால், பொலிஸ் முறைப்பாட்டோடு மாவட்ட நீதிமன்றத்தில் தடையுத்தரவு கேட்கலாம். கைக்குழந்தையும் வயதானவர்களும் இருக்கும் வீட்டில் இதைச் செய்பவர்களை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது. சட்டத்தரணிக்குக் கொடுக்க வசதி இல்லையென்றால், 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. வருமானம் குறைந்தவர்களுக்கு இலவசமாக வாதாடுவார்கள். கூச்சப்படாமல் போங்கள்.

மத்திய வீதியிலிருந்து: நாங்கள் இருக்கும் வீட்டை விற்றுவிட்டார்கள். புது உரிமையாளர் இரண்டு கிழமை தருகிறார்.

வீடு விலைப்பட்டதால் மட்டும் உங்கள் குடி முடிந்துவிடாது. நம் நாட்டில் வழங்கும் ரோமன் டச்சுச் சட்டத்தின்படி வாடகையும் குத்தகையும் விற்பனைக்கு முந்தியவை. வாங்கியவர் உங்களையும் சேர்த்தே வாங்குகிறார். மாத வாடகையென்றால் மேலே சொன்ன அதே முழு மாத அறிவித்தலை அவரும் தர வேண்டும். நொத்தாரிசு குத்தகையென்றால் அதன் காலம் அவரையும் கட்டும். ஆனால் அந்தக் குத்தகை காணிப் பதிவகத்தில் பதியப்பட்டிருக்க வேண்டும். பதியாமல் விட்டு, வாங்கியவர் தன் உறுதியை முந்திப் பதிந்துவிட்டால், உங்கள் பக்கம் மிகவும் பலவீனமாகிவிடும். குத்தகை எழுதிய நாளிலேயே, "பதிவுக்கு எப்போது போகும்?" என்று நொத்தாரிசிடம் கேளுங்கள்.

வாடகையை இனி யாரிடம் கொடுப்பது என்பதைப் பழைய உரிமையாளரிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டு கொடுங்கள்.

திருஞானசம்பந்தர் வீதியிலிருந்து முதியவர் ஒருவர்: அப்பா காலத்திலிருந்து, 1970களிலிருந்து, இதே வீட்டில் இருக்கிறோம். வாடகை சொற்பம்தான். இந்த வருடம் தொடக்கம் வீட்டுக்காரரின் பேரன் வாடகையை வாங்க மறுக்கிறார். ஏன் என்று புரியவில்லை.

எனக்குப் புரிகிறது. வாடகை பாக்கி என்று ஒரு காரணம் அவருக்கு வேண்டும். அதை நீங்கள் கொடுத்துவிடக் கூடாது.

உங்களைப் போன்ற பழைய குடிகளைப் பெரும்பாலும் காப்பது 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம். அதன் பாதுகாப்பு உள்ள வீட்டில், அறிவித்தல் தந்துவிட்டால் மட்டும் வெளியேற்ற முடியாது. சட்டம் சொல்லும் காரணம் ஒன்றையும் நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டும்: வாடகை பாக்கி, அனுமதியின்றி உள்வாடகைக்கு விட்டது, வீட்டைப் பழுதாக்கியது, அல்லது வீட்டுக்காரருக்கு உண்மையான நியாயமான தேவை. தேவை என்று சொன்னாலும், வெளியேறினால் உங்களுக்கு வரும் கஷ்டத்தையும் அவருடைய கஷ்டத்தையும் நீதிமன்றம் எடைபோடும். அப்பா காலமான பிறகும், அவரோடு அதே வீட்டில் வாழ்ந்த துணைவரோ பிள்ளையோ குடியைத் தொடர அந்தச் சட்டத்தில் இடமுண்டு.

வாங்க மறுக்கும் வாடகையை உள்ளூராட்சி மன்றத்தில் செலுத்தும் வழியை இதே சட்டத்தின் 21ஆம் பிரிவு தருகிறது. அங்கே கட்டினால், வீட்டுக்காரரிடம் கட்டியதாகவே கொள்ளப்படும். பற்றுச்சீட்டு ஒன்றையும் தொலைக்காதீர்கள். மறுத்த மாதங்களையும் சேர்த்து உடனே கட்டுங்கள், ஒரு சட்டத்தரணியின் கடிதத்தோடு.

மற்ற வாசகர்களுக்கு: இந்தச் சட்டம் எல்லா வீட்டுக்கும் பொருந்தாது. 1980ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு கட்டப்பட்ட வீடுகள் பெரும்பாலும் இதற்குள் வருவதில்லை. பிந்திய திருத்தங்கள் இதை இன்னும் சுருக்கின. லிங்கநகரிலோ அன்புவழிபுரத்திலோ புது வீடொன்றில் இருப்பவர், அயலவருக்குக் கிடைத்த பாதுகாப்பு தனக்கும் உண்டென்று நம்பி நடக்க வேண்டாம்.

கோணேசபுரி வளாக மாணவி: விடுதி அறையை நடுத் தவணையில் விடச் சொல்கிறார் அறைக்காரர். பரீட்சை நெருங்குகிறது.

வீட்டுக்காரரோடு ஒரே கூரையின் கீழ், அறையும் சாப்பாடும் சேர்த்து எடுத்திருந்தால், முழு வீட்டை வாடகைக்கு எடுத்தவருக்குள்ள பலம் உங்களுக்கு இராது. பேசித்தான் பார்க்க வேண்டும். வளாகத்தின் மாணவர் நலப் பகுதியையும் கூட்டிக்கொண்டு பேசுங்கள். ஆனால் உங்கள் புத்தகங்களையும் பையையும் மறித்து வைக்க அவருக்கு உரிமை கிடையாது.

பாலையூற்றிலிருந்து: மூன்று வருட நொத்தாரிசு குத்தகை போன மாதம் முடிந்துவிட்டது. வேறு வீடு கிடைக்கவில்லை. வழக்கு பல வருடம் இழுபடும், அதுவரை இருக்கலாம் என்கிறார் நண்பர். சரியா?

சரியல்ல. அந்த நண்பர் சொல்வது பழைய கதை. குத்தகைக்குக் கொடுத்த வீட்டை மீளப் பெறுவதற்கென்று 2023ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம் வந்திருக்கிறது. காலம் முடிந்தும் போகாதவர்கள் மீது சுருக்கமான நடைமுறையில் வழக்காட அது வழி தருகிறது. அதிக நாள் இருந்ததற்கான நட்டஈடும் உங்கள் தலையில் விழலாம். அதைவிட முக்கியம், சொன்ன தவணைக்கு வீட்டைத் திருப்பிக் கொடுப்பது உங்கள் கடமை. அந்த வாடகையை மட்டும் நம்பி வாழும் விதவைகளும் ஓய்வூதியர்களும் இந்த ஊரில் இருக்கிறார்கள். இரண்டு மாத அவகாசம் எழுத்தில் கேளுங்கள், அந்த மாதங்களின் வாடகையைக் கையோடு கொடுங்கள்.

மட்டிக்களியிலிருந்து: வீட்டுக்காரர் லண்டனில். இங்கே அவருடைய மைத்துனர் வந்து "வீட்டை விடு" என்கிறார்.

வீட்டுக்காரர் தன் சார்பில் நடக்க அதிகாரம் கொடுத்து எழுதிய பத்திரத்தை, அதாவது அற்றோணித் தத்துவத்தை, காட்டச் சொல்லுங்கள். அறிவித்தல் கொடுக்கும் அதிகாரம் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அவர் சொல்வது உங்களைக் கட்டாது. இருந்தால், லண்டன்காரர் நேரில் சொன்னதற்குச் சமம்.

சீனக்குடா வாசகர்: சொன்ன நாளில் வீட்டை விட்டுவிட்டோம். மூன்று மாத முற்பணத்தை "வெள்ளை அடிக்கச் செலவாகிவிட்டது" என்று தர மறுக்கிறார்.

சாதாரணத் தேய்மானத்துக்கு நீங்கள் பொறுப்பல்ல, உடைத்ததற்குப் பொறுப்பு. செலவுக் கணக்கையும் பற்றுச்சீட்டுகளையும் காட்டும்படி பதிவுத் தபாலில் கடிதம் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் உங்கள் பகுதி மத்தியஸ்த சபைக்குப் போங்கள். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த சபை அது. இந்த அளவிலான பணத் தகராறுகள் நீதிமன்றத்துக்குப் போக முன் அங்கேதான் போக வேண்டும். சட்டத்தரணி தேவையில்லை. வீட்டை ஒப்படைத்த நாளில் எடுத்த படங்கள் இருந்தால் அச்சிட்டுக் கொண்டுபோங்கள். இணக்கம் வராவிட்டால், இணங்கவில்லை என்ற சான்றிதழைக் கேட்டு வாங்காமல் அங்கிருந்து வர வேண்டாம். வழக்குப் போட அது வேண்டும்.