வீட்டை அடகு வைத்து சைபர் செக்யூரிட்டி எம்.எஸ். படிக்கலாமா?

கேள்வி: எனக்கு 26 வயது. கோவையில் ஐ.டி. வேலை, கைக்கு வருவது மாதம் 62,000 ரூபாய். அமெரிக்காவில் சைபர் செக்யூரிட்டி எம்.எஸ். படிக்க இடம் கிடைத்துள்ளது. இரண்டு வருடத்துக்கு 40 லட்சம் ஆகும். வீட்டுப் பத்திரத்தை வைத்து 10.5% வட்டிக்குக் கடன் வாங்கித் தர அப்பா தயார். வட்டிக்கு வரிச் சலுகையும் உண்டாமே, வாங்கலாமா?
- வாசகி, ஈரோடு

பதில்: வரிச் சலுகையை மறந்துவிடுங்கள். அது பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு மட்டும்தான். அங்கே சம்பாதித்து அங்கே வரி கட்டினால் இங்கே எதில் கழிப்பீர்கள்?

படிக்கும்போதும் அதன்பின் ஓராண்டும் தவணை இருக்காது, வட்டி ஓடிக்கொண்டிருக்கும். தவணை தொடங்கும்போது கடன் 50 லட்சத்தை நெருங்கிவிடும். பத்து வருடத்தில் அடைக்க மாதம் சுமார் 67,500 ரூபாய். ஊர் திரும்பி இதே சம்பளத்தில் சேர்ந்தால் கட்டவே முடியாது.

அங்கேயே வேலை கிடைக்காதா என்பீர்கள். கிடைக்கலாம். ஆனால் இந்தத் துறைக்கென்று ஒரு சிக்கல் உண்டு. அரசு வேலைகளும், ராணுவ ஒப்பந்த நிறுவனங்களின் வேலைகளும் பெரும்பாலும் 'செக்யூரிட்டி கிளியரன்ஸ்', அதாவது ரகசியத் தகவல்களைக் கையாள அரசு தரும் அனுமதி, கேட்கும். அது பொதுவாக அமெரிக்கக் குடிமக்களுக்கே. இந்தப் படிப்புக்கு அமெரிக்க அரசு தரும் சைபர்கார்ப்ஸ் உதவித்தொகையும் வெளிநாட்டு மாணவர்களுக்குக் கிடையாது. 'இத்தனை லட்சம் காலியிடங்கள்' என்று ஏஜென்ட் காட்டும் கணக்கில் இந்த வேலைகளும் சேர்த்தி! மிஞ்சுவது வங்கிகள், மென்பொருள் நிறுவனங்கள் போன்றவை. அங்கே சேர்ந்தாலும் ஓ.பி.டி.யில் (படித்து முடித்த வெளிநாட்டு மாணவர்களுக்கான தற்காலிக வேலை அனுமதி) அதிகபட்சம் மூன்று வருடம். அதற்குள் எச்-1பி வேலை விசா குலுக்கலில் பெயர் வர வேண்டும். வீட்டைப் பணயம் வைக்க இது போதாது.

இங்கேயே 'கேட்' நுழைவுத் தேர்வு எழுதி எம்.டெக். சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை உண்டு; ஐ.ஐ.டி. கான்பூரில் இந்தப் பாடத்துக்கென்றே எம்.டெக். இருக்கிறது. சம்பளத்தை விட மனமில்லை என்றால், அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகம் 2019-ல் ஆன்லைனில் தொடங்கிய சைபர் செக்யூரிட்டி முதுகலைப் பட்டம் இருக்கிறது. மொத்தக் கட்டணம் 10,000 டாலருக்குள் என்றே அறிவித்தார்கள். வேலை பார்த்துக்கொண்டே, பருவத்துக்குப் பருவம் சம்பளத்திலிருந்து கட்டலாம். ஒத்துவராவிட்டால் பாதியில் நிறுத்தினாலும் வீடு போகாது. உங்களுக்கு என் ஓட்டு இதற்குத்தான். ஆனால் ஒன்று, ஆன்லைனில் படித்தால் ஓ.பி.டி. கிடைக்காது. அமெரிக்கா போவதே நோக்கம் என்றால், உதவித்தொகையோ அசிஸ்டன்ட்ஷிப்போ (பல்கலைக்கழகத்திலேயே சம்பளத்துடன் உதவியாளர் வேலை) கிடைத்து, கடன் 20 லட்சத்துக்குள் அடங்கினால் மட்டும் கிளம்புங்கள்.